நெத்திப்பட்டை

பட்டையைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் மாறும். கோகிலவாணிக்கு அந்த மாற்றம் அத்துப்படி. முதலில் புருவம் சுருங்கும். பிறகு உதடு லேசாகப் பிரியும். கண் எதையோ தேடுவது போல ஒரு பக்கமாகத் திரும்பும். அதற்கப்புறம் அந்த ஆள், பஞ்சாயத்துத் தலைவரானாலும் சரி, பத்தாம் வகுப்புப் பெண்ணானாலும் சரி, "ஐயோ" என்றோ "அம்மா" என்றோ ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வாயடைத்து நிற்பார்.

உடுமலையைச் சுற்றியிருந்த ஊர்களில் பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, கல்யாண மண்டபம் என்று எத்தனையோ இடங்களில் எத்தனையோ நெற்றிகளில் அவள் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, "தெரியுதுங்களா? அதாங்க தேனீக்கூடு" என்பாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் அவளுக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

பட்டை வருவதற்கு முன்பே அவள் இந்த வேலைக்கு வந்துவிட்டவள். பிழைப்புக்குக் காப்பீட்டு முகவர். மிச்ச நேரத்தில் "பூச்சிக்கூட்டாளிகள்" என்று ஒரு தன்னார்வக் குழுவைச் சேர்த்துக்கொண்டு, சுருட்டி எடுத்துப்போகிற படத்தாளுடன் ஊர் ஊராகப் போய்த் தேனீயைப் பற்றிப் பேசினாள். பூச்சி குறைந்து, அரசாணிக்காய் என்கிற பரங்கிக் கொடி பூப்பூவாய்ப் பூத்துவிட்டுக் காய் பிடிக்காமல் போன காலம் அது. ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள், டீ கொடுத்தார்கள், மறுநாள் விடிந்ததும் மருந்து அடித்தார்கள்.

பிறகுதான் ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நஸ்ரின் வந்தாள். உடுமலைப் பெண்தான். கருவிகள் செய்கிற பொறியாளர். கொசுத்தேனீ வளர்க்கிற மரப்பெட்டிக்குள் தலைமுடியை விட மெல்லிய கம்பிகளை ஓட்டியிருந்தாள். கூட்டின் சூடு, அதிர்வு, வாசம் எல்லாவற்றையும் அவை வாங்கி நெற்றியில் கட்டும் ஒரு பட்டைக்கு அனுப்பும்.

"கூடு பசியா இருந்தா போட்டிருக்கறவங்களுக்கும் பசிக்குங்க்கா," என்றாள் நஸ்ரின். "கிழக்கால பூ இருந்தா உடம்பு கிழக்கால இழுக்கும். மருந்து பட்டுச்சுன்னா அடிவயிறு சுருட்டிப் புடிக்கும். நீங்க ஒரு மணி நேரம் பேசிப் புரிய வெக்கறத இது சட்டுனு புரிய வெச்சுரும்."

அறிமுக விழாவில், குழுவை ஆரம்பித்தவள் என்ற மரியாதைக்கு, முதல் பட்டையைக் கோகிலவாணிக்குத்தான் கட்டினார்கள். மண்டபம் நிறைய ஆட்கள். கேமராக்கள். அவள் காத்திருந்தாள். நெற்றியில் பட்டை இறுக்கியதைத் தவிர ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். அத்தனை முகங்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

விருப்பமில்லாதவரிடம் பாலிசி விற்றுப் பழகிய வாய் அது. தானாகத் திறந்துகொண்டது.

"உள்ளங்கையில யாரோ வெய்யிலக் கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்குதுங்க," என்றாள். "ஒரு கல்யாணக் கூட்டமே ஒண்ணா மூச்சு இழுத்து ஒண்ணா விடுது. அந்த மூச்சுக்குள்ள நானும் இருக்கறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் காதில், "பத்துல ஒருத்தருக்கு இது வேலையே செய்யாதுங்க்கா. நீங்க அந்த ஒருத்தரா இருந்துருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள். அதற்குமேல் எப்படி உண்மையைச் சொல்வது?

பட்டை நிஜமாகவே ஊரை மாற்றியது. அதை அவளால் மறுக்க முடியாது. படத்தாளைப் பார்த்துக் கொட்டாவி விட்ட விவசாயிகள், பட்டையைப் போட்டுக்கொண்டு மருந்தடித்த வயலோரம் நின்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு மருந்துக்கடைப் பக்கம் போகவில்லை. வரப்பில் தும்பையும் துளசியும் வளரவிட்டார்கள். பீர்க்கங்கொடியில் பிஞ்சு நின்றது.

அவள் கணவர் மயில்சாமி பால் வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் பூச்சி வேலையைக் கிண்டலும் செய்ததில்லை, கூட வந்ததும் இல்லை. முதல்முறை பட்டையைக் கட்டிய அன்று, பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளாக அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

அதற்கப்புறம் கொல்லையில் ஒரு பெட்டி வந்தது. தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, கைகால் கழுவி, பட்டையைக் கட்டிக்கொண்டு பெட்டியருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"உனக்கும் இப்புடித்தான இருக்குது கோகிலா? எல்லாம் சேந்து ஒண்ணாயிருற மாதிரி?"

"ஆமாங்க," என்பாள் அவள், அவரிடம் காபியை நீட்டிக்கொண்டே.

அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூடிய கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்குத் தான் ஒருநாளும் போகப் போவதில்லை என்று நினைக்கும்போது, காபி டம்ளரைத் தூக்கி அந்தப் பெட்டிமேல் வீசலாம் போல அவளுக்கு இருக்கும்.

இந்த நிலையில்தான் பிரகல்யா வந்து சேர்ந்தாள்.

தாராபுரத்துப் பெண். உடுமலையில் மெடிக்கல் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மாதத்திலேயே குழுவில் சேர்ந்தாள். முதல் கூட்டத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான்னு ஒருத்தி இருக்கறதே மறந்து போச்சுங்க. வாயத் தொறந்தா 'நாங்க'ன்னுதான் வருது. நாங்க பசியா இருக்கறோம். நாங்க முருங்கைப் பூவத் தேடிட்டு இருக்கறோம்."

கோகிலவாணி கடைசி வரிசையில் நின்றுகொண்டு, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தான் சொன்னது எல்லாம் கதை. இதோ இவள் சொல்வதுதான் நிஜம் என்று அந்த நிமிடமே அவளுக்குப் பட்டது. நிஜமாக உணர்கிறவர்களுக்குத்தான் இப்படிச் சொல் அமையும்.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற போன்கள் மாறின. "அக்கா, நிகழ்ச்சிக்குத் தேதி குடுங்க" என்று கேட்டவர்கள், "அக்கா, அந்த மெடிக்கல்காரப் பொண்ணும் வருமில்லீங்க?" என்று இழுத்தார்கள். பிறகு "அந்தப் பொண்ணோட நம்பர் இருந்தாக் குடுங்க" என்றார்கள். கோகிலவாணி நம்பரைக் கொடுத்தாள். ஒரு தடவை மட்டும் கடைசி எண்ணை மாற்றிக் கொடுத்தாள். அன்று முழுக்க அவளுக்கே சோறு இறங்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரகல்யா பெட்டி பார்க்க வருவாள். அவளும் மயில்சாமியும் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிக்கொண்டு கொல்லையில் நிற்பார்கள்.

"அண்ணா, மேக்கால இழுக்கற மாதிரி இல்லீங்க?"

"ஆமாம்மா. வாய்க்கா மேட்டுல புங்கன் பூத்துருக்குது போல."

"காலைல இருந்ததுக்கு இப்ப கொஞ்சம் பசி அடங்கிருச்சுங்கண்ணா."

மயில்சாமி சிரிப்பார். பதினெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் வாயிலிருந்து பிடுங்கியெடுக்க வேண்டியிருந்த பேச்சு, இந்தப் பெண்ணிடம் தானாகக் கொட்டியது. அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை என்பது கோகிலவாணிக்கு நன்றாகத் தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மேற்கே புங்கன் பூத்திருப்பது இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தெரிவதற்கு எதிராக ஒரு மனைவி என்ன சண்டை போட முடியும்? அவள் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் ஆறுச்சாமி என்பவருடைய அரசாணிக்காய்க் காட்டுக்குக் கல்லூரி மாணவர்களை அழைத்துப் போனார்கள். ஆறுச்சாமி பழைய காலத்து ஆள். யாருக்கும் லேசில் மசியாதவர். ஆனால் பட்டையைப் போட்டுப் பார்த்த பிறகு அவரும் மருந்தை விட்டிருந்தார். பட்டைகளை வயலோரப் பெட்டியோடு இணைத்துக் கட்டிக்கொண்டு கோகிலவாணி, மயில்சாமி, பிரகல்யா மூவரும் முன்னால் நின்றார்கள். கோகிலவாணி பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காட்டில் எவனோ ட்ரோனில் மருந்தடிக்க ஆரம்பித்துவிட்டான். காற்று இந்தப் பக்கம் வீசியது.

மயில்சாமி "ஆ" என்று முனகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடுத்த கணம் பிரகல்யாவும் குனிந்தாள். கோகிலவாணி இருவரையும் பார்த்துவிட்டு, பதறித் தன் வயிற்றில் கையை வைத்தாள்.

பிந்திவிட்டது. நிமிர்ந்தபோது பிரகல்யா குனிந்த தலையை லேசாகத் திருப்பி, தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அந்தப் பார்வை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கே ஊருக்குத் தெரியும்.

ஆனால் பிரகல்யா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை கோகிலவாணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேடைப் பேச்சு குறைந்துபோனதால், பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு அந்த வேலையில் ஆர்வம் இல்லை. பட்டையைக் கட்டினாலே கூட்டின் நலம் தெரிகிறபோது மூடியை ஏன் திறக்க வேண்டும்? அவளுக்குத்தான் கண்ணால் பார்ப்பதை விட்டால் வேறு வழியில்லை.

அப்படிப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் இருந்த பெட்டிகள் இலேசாக இருந்தன. தேன் சேர்க்கிற மெழுகுக் குடுவைகள் பாதி காலி. வெயில் நன்றாக அடிக்கிற நேரத்தில்கூட, வெளியே பறக்க வேண்டிய தேனீக்கள் வாசல் குழாய்க்குள்ளேயே அடைந்து நின்றன. யாரும் பட்டை கட்டாத, மறந்துபோன கோயில் தோட்டத்துப் பெட்டியோ தூக்க முடியாத கனமாக இருந்தது.

அவள் நஸ்ரினிடம் போனாள். நஸ்ரின், கருவிகள் இறைந்து கிடந்த மேசையை ஒதுக்கி, நாற்காலி போட்டாள்.

"எனக்கும் ஒரு பயம் இருக்குதுங்க்கா," என்றாள். "பட்டை கூட்டக் கேக்கறதுக்கு மட்டுந்தான்னு நெனச்சுத்தான் செஞ்சோம். ஆனா போட்டிருக்கறவங்க மனசு நெறஞ்சுதுன்னா, அந்த நெறைவு நெத்தி வழியா திரும்பக் கம்பிக்குள்ள போகுதோன்னு தோணுது. ரொம்ப மெல்லிசான அதிர்வு. நமக்கு ஒண்ணுமே இல்ல. தேனீக்கு அது, 'வெளிய போகாத, இங்கயே ஏதோ இருக்குது'ன்னு கூப்படற மாதிரி."

"அப்ப நாம பாசமா இருக்க இருக்க…"

"அதுங்க பட்டினி கெடக்குது."



"நிறுத்தீரலாமே?" என்றாள் கோகிலவாணி.

"எதை வெச்சு நிறுத்தறது? இந்தப் பட்டைய நம்பித்தான் இத்தனை ஊரு மருந்த விட்டிருக்குது. நிரூபிச்சாகணும். கெடுக்கறது கம்பியா, இல்ல போட்டவங்க உணர்ச்சியான்னு பிரிச்சுப் பாக்கணும். பட்டைய ஆணியில மாட்டி வெச்சா அது அணைஞ்சுக்கும், உசுருள்ள நெத்தி வேணும். பட்டையப் போட்டும் ஒண்ணுமே உணராத ஒரு ஆளு வேணுங்க்கா. பத்துல ஒருத்தர் இருப்பாங்கன்னு கணக்குதான் சொல்லுது. நேர்ல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

கோகிலவாணி மேசைமேல் கிடந்த ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் இத்தனை வருஷப் பெயர் போகும். அது மட்டுமில்லை, பிரகல்யாவின் நெற்றியிலிருந்து அந்தப் பட்டை கழற்றப்படும் என்று நினைத்ததுமே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியதே, அது என்ன? தேனீக்காகச் செய்கிறாளா, தனக்காகச் செய்கிறாளா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நான் இருக்கறேன்," என்றாள்.

நஸ்ரினுக்குப் புரிய நேரமானது. "அக்கா… அன்னிக்கு மேடையில…"

"பொய் சொன்னேன்."

நஸ்ரின் திட்டவில்லை. "சரிங்க்கா. நல்லா உணர்றவங்க ரெண்டு பேரு வேணும்" என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு. அப்பறம் பிரகல்யா." யோசிக்காமல் வந்தது பதில்.

புதிதாக மூன்று பெட்டிகள், ஒரே அளவுக் கூடுகளோடு, இரண்டு வீடுகளுக்குப் போயின. எதற்கு என்று மயில்சாமியிடமும் பிரகல்யாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் உணர்ச்சி மாறிவிடும் என்றாள் நஸ்ரின். கோகிலவாணி தன் பெட்டியை மாடியில் வைத்துக்கொண்டு, தினமும் பட்டையைக் கட்டிக்கொண்டு காய்கறி நறுக்கினாள், துணி மடித்தாள், பாலிசிக்காரர்களுக்குப் போன் செய்தாள். அவள் நெற்றிக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பெட்டி கனத்துக்கொண்டே போனது.

கீழே கொல்லையில், பழையதற்குப் பதிலாக வைத்த மயில்சாமியின் புதுப் பெட்டி மெலிந்தது. அவர் அதை முன்பைவிட அதிகமாகக் கொஞ்சினார். "இது ரொம்ப அமைதியான கூடு கோகிலா. எங்கயும் இழுக்க மாட்டேங்குது. எங்கூடவே இருக்குது," என்று சொன்னபோது, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வெயில் காலம் முடிகிறபோது, பிரகல்யாவின் பெட்டியைப் பார்க்கக் கோகிலவாணியே போனாள். நஸ்ரின் போவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கூடு எப்படி அழிந்து கிடக்கும் என்று வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனாள். ஊரே கொண்டாடுகிறவளின் பெட்டிதானே எல்லாவற்றையும் விட மோசமாக இருக்க வேண்டும்.

மெடிக்கல் கடைக்குப் பின்னால் மல்லிகைப் பந்தலின் கீழே பெட்டி இருந்தது. மூடியை நெம்பினாள். தேன் வாசம் முகத்தில் அடித்தது. குடுவைகள் விளிம்புவரை நிறைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மூடியோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. தேனீக்கள் போவதும் வருவதுமாக வாசலில் நெரிசல்.

அவள் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். பட்டை கட்டின பெட்டிகளில் இப்படி ஒன்று இந்த ஊரில் இன்னொன்றுதான் இருக்கிறது. அது அவள் வீட்டு மாடியில்.

"நல்லாத்தான இருக்குதுங்க்கா?"

பின்கட்டு வாசலில் பிரகல்யா நின்றிருந்தாள்.

"பட்டைய தெனமும் போட்டியா அம்மிணி?"

"ஒருநாளும் விடலீங்க."

"அப்ப உனக்கு…" என்று கோகிலவாணி இழுத்தாள்.

பிரகல்யாவின் முகம் வெளுத்தது. துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"காலேஜ்ல கடைசி வருசம் படிக்கறப்ப எங்களுக்குப் பட்டை கட்டி விட்டது நீங்கதாங்க்கா. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்துல நிக்கறவ அழுவறா, அதுக்கு அடுத்தவ சிரிக்கறா. எனக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க மேடையில நின்னுட்டு, ஒரு கல்யாணக் கூட்டமே ஒண்ணா மூச்சு விடுதுன்னு சொன்னீங்க. எனக்கு உங்க மேல எத்தனை பொறாமை தெரியுங்களா? வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னுட்டு நீங்க சொன்னதையே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சொன்னா ஒருநாள் வந்துரும்னு நெனச்சேன். அப்பறம் அதையே கொஞ்சம் மாத்திச் சொல்ல வந்துருச்சு. கூடு மட்டும் வரல."

"ஆறுச்சாமி காட்டுல வயித்தப் புடிச்சியே?"

"அண்ணனப் பாத்துத்தான் புடிச்சேன். சரியாப் புடிச்சனான்னு உங்களப் பாத்தேன். நீங்க முறைச்ச மாதிரி இருந்துச்சு. கண்டுபுடிச்சுட்டீங்கன்னு அன்னிக்கே பயந்துட்டேங்க்கா."

கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் வயிறெரிந்தது தன்னுடைய சொந்தப் பொய்யைப் பார்த்துத்தானா? இப்போதே இந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிவிடலாம். சொல்லவேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அதை அத்தனை சீக்கிரம் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கூட்டம் பால் சொசைட்டி மண்டபத்தில் நடந்தது. குழுவினர், விவசாயிகள், ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நஸ்ரின் இரண்டு பெட்டிகளின் நிலவரத்தை மட்டும் சொன்னாள். மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கோகிலவாணி கேட்டிருந்தாள். உணர்ச்சியோடு பட்டை போடுகிறவர்களால் கூடு நலிகிறது, உணராதவர் போட்டால் நலியவில்லை, ஆகவே பட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றாள்.

மண்டபம் கொதித்தது. "பட்டைய எடுத்துட்டா நாளைக்கே மருந்தடிக்க ஆரம்பிச்சுருவாங்க!" என்று ஒரு ஆசிரியர் கத்தினார். "அந்த உணராத ஆளு யாருங்க? முதல்ல அதச் சொல்லுங்க!" என்றது இன்னொரு குரல்.

கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க. மொத நாள்ல இருந்தே எனக்கு ஒண்ணும் தெரிஞ்சதில்ல. அன்னிக்கு மேடையில சொன்னதெல்லாம் நானாச் சொன்னதுதான்."

மண்டபம் ஒவ்வொரு வரிசையாக வெடித்தது. இவளை நம்பி வந்தோமே என்றார்கள். எங்கள் பிள்ளைகளிடம் பொய் சொன்னாயா என்றார்கள். முன்வரிசையில் இருந்த தன்னார்வலப் பெண் ஒருத்தி எழுந்து, "இவங்களுக்கு இல்லாதது வேற யாருக்கும் இருக்கக் கூடாது. பிரகல்யா மேல இருக்கற பொறாமையில பேசறாங்க!" என்றாள்.

"ஆமாங்க," என்றாள் கோகிலவாணி. "பொறாமைதான். இங்க இருக்கற ஒவ்வொருத்தர் மேலயும் பொறாமை. எனக்குப் பொறாமைன்னு பெட்டி பொய் சொல்லாதுங்களே? மூடியத் தொறந்து உங்க கண்ணால பாருங்க."

யாரும் அடங்கவில்லை. அவள் மயில்சாமியைத் தேடினாள். அவர் தூண் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றிருந்தார்.

அப்போதுதான் பிரகல்யா மேடை ஏறினாள். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல வெகுநேரம் பேசாமல் நின்றாள். மண்டபம் தானாக அடங்கியது.

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். "அக்கா அத மறச்சு என்னைக் காப்பாத்தப் பாத்தாங்க. அக்கா சொன்ன வார்த்தைக்கு ஆசப்பட்டுத்தான் நான் இதுக்குள்ள வந்தேன். உணர முடியாட்டியும் அதுங்க மேல எனக்கு ஆசை இருந்துச்சு. அது மட்டும் பொய்யில்லைங்க." அவள் குரல் உடைந்தது.

முன்வரிசைப் பெண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "என்ன தைரியம் பாருங்க அந்தப் புள்ளைக்கு!" என்றார் கத்தின ஆசிரியர்.

கோகிலவாணியும் தட்டினாள். அதே உண்மையைத்தான் அவளும் சொன்னாள். அவளுக்குத் திட்டு, இவளுக்குக் கைதட்டல். உள்ளே சுருக்கென்றது. சுருக்கென்றதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

கைதட்டல் ஓய்ந்தபோது ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "சொன்னாச் சொல்லீரலாம். எனக்குந்தான் ஒண்ணும் தெரியலீங்க. அத்தனை பேரும் வயித்தப் புடிக்கறாங்க, நாம மட்டும் மரக்கட்டையாட்டம் நின்னா நல்லா இருக்குமான்னு புடிச்சேன். ஆனா அந்த அம்மிணி பேசுனது காதுல விழுந்துட்டே இருந்துச்சு. மருந்த விட்டது அதனாலதான். பட்டை இருந்தாலும் இல்லாட்டியும் நான் அடிக்கப் போறதில்லைங்க."

"எந்த அம்மிணிங்க?" என்று யாரோ கேட்டார்கள். ஆறுச்சாமி கோகிலவாணியையும் பிரகல்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாட்டத்தான பேசுனாங்க," என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

முடிவில் பட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானமானது. எல்லோரும் மருந்தை விட்டவர்களாகவே இருப்பார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. படத்தாள் போட்டுப் பேசுகிற வேலையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்; கோகிலவாணியும் பிரகல்யாவும் சேர்ந்து போக வேண்டும் என்றாள் நஸ்ரின்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மயில்சாமி கேட்டார்: "தெனமும் கேட்டனே கோகிலா. உனக்கும் இப்புடித்தான இருக்குதுன்னு. ஒருநாளாச்சும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க தனியாப் போயிருப்பீங்க."

"இப்பவும் தனியாத்தான போயிருக்கறேன்."

அவர் கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் போனாள். பெட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காலியான குடுவைகளை அவர் கண்ணால் பார்ப்பது இதுவே முதல்முறை. சில தேனீக்கள் அசைவில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நாந்தான் இதப் பண்ணுனனா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களே."

"எங்கூடவே இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன்." அவர் மூடியை மெதுவாக வைத்தார். "பொழைச்சுக்குமா?"

"தனியா விட்டா தேறிக்கும்னு நஸ்ரின் சொல்லுதுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்தார். ஒருமுறை கட்டிப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தாள். இல்லை. வேட்டி நுனியால் அதைத் துடைத்து, மடித்து, அவள் கையில் கொடுத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

அவர் தோளில் கை வைக்கவேண்டும் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. யாரோ நெருங்கினவர்கள் செத்துப்போனது போல அழுதுகொண்டிருந்தார்.

அவருக்கு ஆறுதலாக ஒரு சொல் தேடிக்கொண்டு நின்றபோது, தனக்குள் அந்தப் பழைய வயிற்றெரிச்சல் மெல்லத் தலைதூக்குவதை அவள் உணர்ந்தாள். பிரகல்யாவின் மேல் இருந்தது போய்விட்டது; இது போகவில்லை. இப்படி அழுவதற்கு அவரிடம் ஒன்று இருந்திருக்கிறது.